பிரைமரி கீ: பொருளுள்ள குறியீடா, வெறும் வரிசை எண்ணா?

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு டேட்டாபேஸ் வடிவமைக்கிறீர்கள். சப்ளையர் டேபிளுக்கு எது பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு?

'வேலூர்-ஆம்பூர்-017' என்று வைத்தால் பார்த்ததும் ஆள் புரிந்துவிடும். சின்ன ரிப்போர்ட்டுக்கு ஜாயின் (டேபிள்களை இணைத்துப் பார்ப்பது) தேவையில்லை. ஆனால் அதற்குள் மாவட்டம் உட்கார்ந்திருக்கிறது. 1989-ல் வட ஆற்காடு பிரிந்தது. 2019-ல் வேலூரும் மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. இப்போது கீயை மாற்ற வேண்டும். 'ஆன் அப்டேட் கேஸ்கேட்' விதி போட்டிருந்தால் பில், சரக்கு வரவு, பாக்கி டேபிள்கள் தாமாக மாறும். அச்சடித்த பில்லும் எக்ஸெல் கோப்பும் மாறாது, கணக்கு ஒட்டாது. இடமும் வீண்: யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் அந்தக் குறியீடு 44 பைட். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி அதை மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸிலும் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) மறுபடி எழுதும்.

வரிசை எண் என்றால் பிக்இன்ட் (பெரிய முழு எண் வகை), 8 பைட். மாவட்டம் டேபிளில் தனி நெடுவரிசையாக இருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். என் ஓட்டு இதற்குத்தான். ஒரு நிபந்தனை: யூனிக் கட்டுப்பாட்டை (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) மறக்கவே கூடாது. மறந்தால் ஒரே வியாபாரி 41, 96 என்று இரண்டு முறை பதிவாகி, பாக்கி இரண்டாகப் பிளக்கும். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணுக்கு யூனிக் போடுங்கள். அது இல்லாத சிறு வியாபாரிகளுக்கு 'நல்' (மதிப்பு இல்லை என்ற குறி) விடலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எத்தனை நல் வந்தாலும் ஏற்கும். எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றைத்தான் ஏற்கும், அங்கே நல் வரிகளை விட்டுவிடும் ஃபில்டர்டு இண்டெக்ஸ் வேண்டும்.

ஏற்றுமதி பில்லுக்கான நாணய டேபிளில் மட்டும், மாறுவது அரிதான மூன்றெழுத்து நாணயக் குறியீட்டையே கீயாக வைக்கலாம்.