மரபணுவை அடக்கும் மருந்துகள்: வெட்டுவதா, மறைப்பதா?

மரபணுவை அடக்கும் மருந்து என்றதும் டிஎன்ஏவிலேயே கைவைக்கிறார்கள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. மேட்டூர் அணையை மூடாமல் வயல் மடையை மட்டும் அடைப்பது மாதிரி, மரபணுவிலிருந்து படியெடுத்து வரும் ஆர்என்ஏவைத்தான் இவை பிடிக்கின்றன. பிடித்த பிறகு என்ன நடக்கும் என்பது மருந்தின் கையில் மட்டும் இல்லை. செல்லுக்குள் இருக்கும் எந்தப் புரதம் அங்கே வந்து சேர்கிறது, எது விரட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் வெட்டும் மருந்துகள். 1998இல் ஃபயரும் மெல்லோவும் புழுக்களில் கண்டறிந்த ஆர்என்ஏ குறுக்கீட்டுக்கு 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. குட்டி ஆர்என்ஏ ஒன்று ஆர்கோனாட் என்ற புரதத்தில் ஏறி உட்காரும். அது காட்டும் இடத்தில் புரதம் வெட்டும். இந்த வகையில் முதல் மருந்து 2018இல் வந்த பாடிசிரன். நரம்பைக் கெடுக்கும் புரதம் கல்லீரலில் உற்பத்தியாவதை அது குறைக்கிறது. கல்லீரலுக்கு மருந்தைக் கொண்டுசேர்ப்பது எளிது, மூளை அப்படியல்ல.

அதனால் நரம்பு நோய்களில் முந்திக்கொண்டது எதிரிழை மருந்து. ஒற்றை இழையாக ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, ஆர்என்ஏஸ் எச்1 என்ற நொதியை வரவழைத்து வெட்டவைக்கும். தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் ஏஎல்எஸ் நோய்க்கு 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோஃபெர்சன் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் 28 வார ஆய்வில் நோயாளிகளின் செயல்திறனில் அது தெளிவான வித்தியாசம் காட்டவில்லை. நரம்புச் சேதத்தின் அடையாளமான நியூரோஃபிலமென்ட் அளவு ரத்தத்தில் இறங்கியதை வைத்துத்தான் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் எஸ்ஓடி1 மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும், அதாவது ஏஎல்எஸ் நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேருக்கு. மரபணுப் பரிசோதனை செய்யாமல் இந்த மருந்தைப் பற்றி விசாரிப்பதில் பயனில்லை.

மீதிப் பேருக்கு? ஏஎல்எஸ் நோயாளிகளில் ஏறக்குறைய 97 சதவீதம் பேரிடம் டிடிபி-43 என்ற ஆர்என்ஏ பற்றும் புரதம் இடம் மாறிக் கிடக்கிறது. உட்கருவில் இருக்க வேண்டியது வெளியே வந்து கட்டியாகிவிடுகிறது. கட்டிதான் பிரச்சினை, அந்த மரபணுவை அடக்கிவிடலாமே என்று தோன்றும். அது வம்பு. டிடிபி-43 உட்கருவில் இருக்கும்போது, செய்தி ஆர்என்ஏவில் வேண்டாத துண்டுகள் நுழையாமல் தடுக்கிறது. அது இல்லாமல் போனால் ஸ்டாத்மின்-2 போன்ற, நரம்பிழை பராமரிப்புக்குத் தேவையான புரதங்களின் செய்தியே பாதியில் அறுந்துபோகிறது. அடக்கினால் அந்த இழப்பு இன்னும் கூடும். இங்கே வெட்டுவதைவிட மறைப்பதே சரி என்பது என் கட்சி. அந்த வேண்டாத துண்டு நுழையும் இடத்தை எதிரிழையால் மூடும் முயற்சி சோதனையில் இருக்கிறது.

மறைத்து ஜெயித்த உதாரணம் ஏற்கெனவே உண்டு. எஸ்எம்ஏ என்னும் தண்டுவடத் தசை நலிவு நோயில், நரம்புக்குத் தேவையான புரதத்தைத் தர வேண்டிய எஸ்எம்என்2 மரபணுவின் செய்தியிலிருந்து ஏழாவது துண்டு விடுபட்டுப்போகிறது. பக்கத்திலேயே எச்என்ஆர்என்பி ஏ1 என்ற புரதம் வந்து உட்கார்ந்து, அந்தத் துண்டைச் சேரவிடாமல் செய்வதும் ஒரு காரணம். 2016இல் வந்த நுசினெர்சன் எதையும் வெட்டுவதில்லை. அந்த இருக்கையில் தானே உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். புரதத்துக்கு இடமில்லை, துண்டு சேர்ந்துவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான்.

அதே துண்டை வேறு வழியில் சேர்க்கிறது ரிஸ்டிப்லாம். அது எதிரிழை அல்ல, சிறு மூலக்கூறு. செய்தித் துண்டுகளை ஒட்டும் வேலையில் செல்லுக்கு உதவும் யு1 கூட்டமைப்பு, துண்டின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. தினமும் வாய்வழியே கொடுக்கலாம். நுசினெர்சனோ முதுகில் போடும் ஊசி: முதலில் 4 தவணை, பிறகு 4 மாதத்துக்கு ஒன்று. வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியூர்ப் பெரிய மருத்துவமனைக்குப் போய் வருவதை யோசித்துப் பாருங்கள். இந்த நோயில் முதுகெலும்பு வளைவதும் சகஜம். வளைந்த முதுகில் ஊசி போடுவது மருத்துவருக்கே பாடு.

அதற்காகப் புட்டியில் வரும் ரிஸ்டிப்லாமுக்குச் சிக்கலே இல்லை என்று சொல்ல முடியாது. கரைத்த பிறகு 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெளியே மொத்தம் 5 நாள்தான் தாங்கும். 2018 கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கத்தில் பல ஊர்களில் அதைவிட அதிக நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. ஆகவே டெல்டா வீட்டுக்கு ரிஸ்டிப்லாம் என்றால், ஐஸ் கிடைக்கும் இடத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். குளிர்பெட்டி தேவைப்படாத மாத்திரை வடிவத்துக்கு 2025இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது 2 வயதும் 20 கிலோ எடையும் தாண்டியவர்களுக்குத்தான், கைக்குழந்தைக்குப் புட்டிதான்.