தம்பியின் கேம் கணக்கு: என் கையிலா, அம்மா கையிலா?

தம்பிக்கு 11 வயது, கிளிநொச்சியில். நான் ரொறன்ரோவில்.

கணக்கை என் மின்னஞ்சலில் திறந்தால் பாஸ்வேர்டும் காசும் என் பிடியில். ஆனால் உள்நுழையும் குறியீடு என் போனுக்குத்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து 2.30க்கு அவன் கேட்டால், கோடையில் இங்கே விடிகாலை 5 மணி. தூக்கக் கலக்கத்தில் இலக்கங்களைப் பிழையாக வாசித்திருக்கிறேன். அப்புறம், கணக்கில் என் வயது இருப்பதால் சிறுவர்களுக்கான சாட் கட்டுப்பாடும் அவனுக்கு இல்லை.

மற்ற வழி, அம்மாவின் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க், அதாவது பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கவனித்துக்கொள்ளும் செயலி. கூகுள் குடும்பக் குழுவில் எல்லாரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும், எனக்கு இடமில்லை. நேர வரம்பு, வாங்குவதற்கு அனுமதி எல்லாம் அம்மாதான். வாட்ஸ்அப்பில் சொல்லிச் சொல்லி அமைக்க ஒரு மணி நேரம் போனது, சரி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அவன் விளையாட, சோறு ஆறுவதைப் பார்க்கிறவர் அம்மாதானே.