மூட்டுக்குள் ஊசி: ஸ்டீராய்டா, ஜெல்லா?

முழங்கால் தேய்மான வலி மாத்திரைக்கு அடங்காதபோது டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வது இரண்டு ஊசிகள். ஒன்று ஸ்டீராய்டு, இன்னொன்று ஜெல் ஊசி எனப்படும் ஹயலுரானிக் அமிலம்.

மூட்டு வீங்கி, நீர் கோத்து, படி இறங்கும்போது கைப்பிடியை விடவே முடியவில்லையா? என் ஓட்டு ஸ்டீராய்டுக்குத்தான். சில நாளில் வலி தணியும், விலையும் குறைவு. ஆனால் பலன் சில வாரங்கள்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு முதல் சில நாள் அளவு எகிறும். என் அம்மாவுக்கு அப்படி ஆனபோது, குளுக்கோமீட்டரைப் பார்த்துப் பதறிப்போனோம். யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அடிக்கடியும் போடக்கூடாது. 12 வாரத்துக்கு ஒருமுறை என 2 ஆண்டுகள் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2017-ல் வெளியானது. மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி கூடுதலாகக் குறையவில்லை. குருத்தெலும்புதான் அதிகம் தேய்ந்திருந்தது.

ஜெல், மூட்டில் இயல்பாகவே உள்ள வழவழப்புப் பொருள்தான். சில வகைகளைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கிறார்கள். பலன் மெதுவாக வரும், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் செலவு அதிகம். அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் ஸ்டீராய்டை வலுவாகப் பரிந்துரைத்தது, ஜெல்லைப் பரிந்துரைக்கவில்லை. கடன் வாங்கியாவது ஜெல் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.