மாமனாரின் டிடி-214-இல் விடுபட்ட பதக்கங்கள்: ஓர் இலவச அரசுச் சேவைக்கு என் மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் படையில் பணியாற்றி வெளியே வந்தவரின் பதிவில் விடுபட்ட பதக்கங்களைச் சேர்த்துத் தருவதற்கென்று அரசு நடத்தும் சேவை நம்பிப் போகக்கூடியது. கட்டணம் கிடையாது. ஆனால் எந்தப் பதக்கத்தை எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதை நாம் பிரித்துக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் திணித்து அனுப்பினால், சுலபமாகக் கிடைக்கக்கூடியதும் கஷ்டமானதோடு சேர்ந்து காத்துக்கிடக்கும்.

என் மாமனார் 1969 மார்ச்சிலிருந்து 1970 மார்ச் வரை வியட்நாமில் பீரங்கிப் படையில் இருந்தார். கூ சி என்ற ஊர்ப் பக்கம். 1971-இல் படையை விட்டு வந்தார். பீரங்கிச் சத்தத்தில் போன காதுக்கு உதவி கேட்கலாம் என்று எங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) வெட்டரன்ஸ் சர்வீஸ் அலுவலகத்துக்கு, அதாவது முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் அலுவலகத்துக்கு, அழைத்துப் போயிருந்தேன். நாங்கள் இருப்பது ஒஹாயோ. இங்கே 88 கவுண்டிகளிலும் அப்படி ஓர் அலுவலகம் உண்டு. அங்கிருந்த அதிகாரி, படையிலிருந்து வந்தபோது மாமாவுக்குத் தந்த பணிச் சான்றான டிடி-214-ஐப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஒரு வருஷம் முழுக்க அங்கே இருந்திருக்கிறீர்கள், இதில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே?" பதக்கங்களுக்கான கட்டத்தில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன: நேஷனல் டிஃபென்ஸ் சர்வீஸ் மெடல், வியட்நாம் சர்வீஸ் மெடல். மாமா தோளைக் குலுக்கிக்கொண்டு, "அதனால் இப்போது என்ன?" என்றார். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை.

டிடி-214 என்பது படையை விட்டு வரும் நாளில் கையில் தரும் ஒற்றைத் தாள். மருத்துவ உதவி, ஓய்வூதியம், கடைசியில் கல்லறைக் கல்லில் என்ன பொறிப்பது என்பது வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அந்தத் தாளைத் திருத்தி எழுத மாட்டார்கள். டிடி-215 என்று ஒரு திருத்தத் தாள் தருவார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையம். எஸ்எஃப்-180 படிவத்தைத் தபாலில் அனுப்பலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: டிடி-214 நகல் மட்டும் கேட்காதீர்கள். முழுக் கோப்பையும் கேளுங்கள், மருத்துவப் பதிவையும் சேர்த்து. நகலை மட்டும் கேட்டால், உங்களிடம் ஏற்கனவே இருக்கும் அதே குறையுள்ள தாள் திரும்பி வரும். விடுபட்டதை நிரூபிக்கும் தாள்கள் கோப்புக்குள்தான் கிடக்கின்றன.

கோப்பு வந்ததும் நான் முதலில் தேடியது டிஏ-20 என்ற பழுப்பேறிய அட்டை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் அப்படி ஓர் அட்டை இருந்தது. 31-ஆம் கட்டத்தில் வெளிநாட்டுப் பணி, 38-இல் எந்தெந்தப் பிரிவில் எப்போது இருந்தார் என்பது, 40-இல் காயங்கள், 41-இல் பதக்கங்கள். எங்கள் வேலையில் முக்கால்வாசி இந்த நான்கு கட்டங்களை டிடி-214-ஓடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். 41-ஆம் கட்டத்தில் ஆர்மி கமெண்டேஷன் மெடல் என்ற பாராட்டுப் பதக்கம், பக்கத்திலேயே உத்தரவு எண். அந்த உத்தரவின் நகலும் கோப்பில் இருந்தது. ஆனால் டிடி-214-இல் அது ஏறவேயில்லை. யாரோ ஒருவர் தட்டச்சு செய்தபோது அட்டையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மாமா அந்த உத்தரவை இரண்டு முறை படித்தார். தனக்கு அப்படி ஒன்று கொடுத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது, விடுபட்டவை எல்லாம் ஒரே ரகம் அல்ல என்பது.

சில பதக்கங்கள் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வியட்நாம் போரை ராணுவம் 17 காலகட்டங்களாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு காலகட்டத்துக்கும் வியட்நாம் சர்வீஸ் மெடலின் பட்டையில் ஒரு வெண்கல நட்சத்திரம். மாமா அங்கே இருந்தபோது மூன்று காலகட்டங்கள் வருகின்றன: 1969 ஜூன் 8 வரை ஒன்று, ஜூன் 9 முதல் அக்டோபர் 31 வரை ஒன்று, நவம்பர் 1 முதல் 1970 ஏப்ரல் 30 வரை ஒன்று. ஆக மூன்று நட்சத்திரம். தென் வியட்நாம் அரசின் கேம்பெய்ன் மெடலுக்கு ஆறு மாதம் அங்கே இருந்திருந்தால் போதும். அவர் இருந்தது ஒரு வருடம். இதற்கெல்லாம் யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அட்டையின் 31-ஆம் கட்டத்தில் உள்ள தேதிகளே போதும்.

இன்னொன்று, அவர் வெளியே வந்த பிறகு அறிவித்த கௌரவம். வியட்நாமில் இருந்த ராணுவப் பிரிவுகளுக்கெல்லாம் தென் வியட்நாம் அரசின் கேலன்ட்ரி கிராஸ் பிரிவுக் கௌரவம் உண்டு என்று ராணுவத் தலைமையகம் பொது உத்தரவு எண் 8-ஐ வெளியிட்டது 1974-இல். மாமா வீட்டுக்கு வந்தது 1971-இல். அவருடைய தாளில் அது எப்படி இருக்கும்? இதில் யார் மேலும் குற்றமில்லை. அந்த ஆண்டுக்கு முன் வீடு திரும்பியவர்கள் யாராக இருந்தாலும் ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது. எந்தப் பிரிவுக்கு எந்தக் கௌரவம், போரின் எந்தக் காலகட்டத்தில் பங்கு என்பதெல்லாம் டிஏ பாம்ஃப்லெட் 672-3 என்ற வெளியீட்டில் பட்டியலாக இருக்கிறது.

இந்த ரகத்துக்கும், உத்தரவு இருந்தும் ஏறாமல் போன கமெண்டேஷன் மெடலுக்கும் பதிவுத் திருத்த போர்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம். நிர்வாகத் திருத்தம் என்று ஒரு கடிதத்திலேயே முடிந்துவிடும். மாமா கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதம், டிடி-214 நகல், டிஏ-20-இன் இரு பக்கங்கள், கமெண்டேஷன் உத்தரவு. அவ்வளவே அனுப்பினோம். டிடி-215 வந்தது. எல்லாம் அதில் ஒழுங்காக ஏறியிருந்தன. இந்தப் பகுதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

அடுத்தது பர்ப்பிள் ஹார்ட், எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பதக்கம். நான் அதிகம் பாடுபட்டது இதற்குத்தான்.

மாமாவின் இடது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. முகாமில் மோர்ட்டார் குண்டு விழுந்தபோது பட்ட சில்லு. பர்ப்பிள் ஹார்ட் மற்ற வீரப் பதக்கங்களைப் போல மேலதிகாரி பரிந்துரைத்துக் கிடைப்பதில்லை. தகுதி இருந்தால் உரிமையாக வந்து சேர வேண்டியது. ஆனால் மூன்று விஷயம் நிரூபணமாக வேண்டும்: காயம் பட்டது, அது எதிரியின் தாக்குதலால் பட்டது, மருத்துவர்கள் சிகிச்சை தந்து அது பதிவாகியிருப்பது. டிஏ-20-இல் 40-ஆம் கட்டம் காலி. அந்தக் கட்டம் நிரம்பியிருந்தாலோ, ராணுவத்தின் வியட்நாம் காயமடைந்தோர் பட்டியலில் பெயர் இருந்தாலோ ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளக் கமாண்டிலேயே முடிந்திருக்கும். இரண்டும் இல்லாததால் அங்கே கேட்டுப் பார்த்த பிறகு ராணுவப் பதிவுத் திருத்த போர்டுக்குப் போக வேண்டியதாயிற்று. படிவம் டிடி-149. கடற்படைக்கும் மரைன்களுக்கும் ஒரு போர்டு, விமானப்படைக்கு ஒன்று, கடலோரக் காவல் படைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு, படிவம் ஒன்றுதான்.

போர்டு எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எழுத உட்காராதீர்கள். அது துப்பறியும் அமைப்பு அல்ல. பதிவில் இருப்பது சரி என்ற அனுமானத்தில்தான் தொடங்கும். தவறு என்று காட்ட வேண்டியது நாம். அதனால் மூன்று கேள்விக்கும் தனித்தனியாகத் தாள் தேடினேன். மருத்துவப் பதிவில், 12-ஆவது எவாகுவேஷன் மருத்துவமனையில் இடது காலிலிருந்து சில்லு எடுத்தார்கள் என்று இருந்தது. காயமும் சிகிச்சையும் அதிலேயே நிரூபணமாகிவிட்டன. ஆனால் எப்படிப் பட்டது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நம்முடைய பீரங்கியே வெடித்தும் சில்லு படலாம் அல்லவா? இந்த இடத்தில்தான் பல மனுக்கள் நின்றுவிடும் என்று கவுண்டி அதிகாரி எச்சரித்திருந்தார்.

அதை நிரப்பியது மாமாவின் அம்மா பைபிளுக்குள் வைத்திருந்த தந்தி. மகனுக்கு எதிரியின் மோர்ட்டார் தாக்குதலில் லேசான காயம் என்று ராணுவம் அனுப்பியது. அதில் இருந்த தேதியும் மருத்துவமனைத் தேதியும் பொருந்தின. பிரிவின் அன்றாட வருகைப் பதிவான மார்னிங் ரிப்போர்ட்டில், பணியிலிருந்து மருத்துவமனைக்கு என்று அதே தேதி. இத்தோடு, அதே பீரங்கியில் நின்ற ஒருவரைப் படைப்பிரிவின் நண்பர் சங்கம் வழியாகக் கண்டுபிடித்தோம். தன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மனுவை நான்தான் எழுதினேன். "பலத்த காயம்" என்று நான் எழுதியிருந்ததை மாமா பேனாவை வாங்கி அடித்தார். "லேசான காயம்மா. சீக்கிரமே பீரங்கிக்குத் திரும்பிவிட்டேன். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்." அவர் சொன்னதுதான் சரியான வழியும்கூட. தந்தி லேசான காயம் என்கிறது. மனு வேறு மாதிரி பேசினால் மற்ற தாள்கள் மேலும் சந்தேகம் விழும். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று படிவத்திலேயே இருக்கிறது.

பிழையைக் கண்டுபிடித்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஐம்பது வருடம் ஆகிவிட்டதே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். நியாயத்துக்காக அந்தக் கெடுவைத் தள்ளிவைக்க போர்டுக்கு அதிகாரம் உண்டு. ஏன் தாமதம் என்று விளக்கப் படிவத்தில் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள். காத்திருப்பு நீளமானதுதான். ஒரு மனுவை 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே எல்லை வைத்திருப்பதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். எங்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு தாளையும் எடுத்துச் சொல்லி, எது எதை நிரூபிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது, நாம் அனுப்பியதை ஒருவர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்ற மரியாதை எனக்கு வந்தது. பர்ப்பிள் ஹார்ட்டால் நடைமுறைப் பயனும் உண்டு: வெட்டரன்ஸ் மருத்துவமனைப் பதிவில் அவர் முன்னுரிமைப் பிரிவு 3-க்குள் வருகிறார்.

மூன்றாவது ரகம் ஒன்றும் இருக்கிறது. "உனக்கு ப்ரான்ஸ் ஸ்டார் எழுதிப் போடுகிறேன்" என்று ஒரு கேப்டன் மாமாவிடம் சொன்னாராம். அது தனிப் பதக்கம்; பட்டையில் வைக்கும் வெண்கல நட்சத்திரம் அல்ல. கோப்பில் பரிந்துரையும் இல்லை, உத்தரவும் இல்லை. இது பதிவுப் பிழையே அல்ல; கொடுக்கப்படாத பதக்கம். இதற்கு நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் புதிதாகப் பரிந்துரை போக வேண்டும். அப்படி ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. நேரில் பார்த்த மேலதிகாரி உயிரோடு இருந்தால் முயலலாம். அந்தக் கேப்டன் இப்போது இல்லை. மாமா வேண்டாம் என்றார், நானும் வற்புறுத்தவில்லை.

பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. ஒன்றிடம் நானும் விசாரித்தேன். கோப்பை "வேகமாக" எடுத்துத் தர அவர்கள் கேட்ட தொகை என்னைத் திடுக்கிட வைத்தது. அவர்களும் நிரப்புவது அதே எஸ்எஃப்-180-ஐத்தான். கவுண்டி அதிகாரியும், அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ, டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களும் இலவசமாகவே உதவுகிறார்கள். வயதானவர்களிடம் இதற்குக் காசு வாங்குவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

கொரியா, இரண்டாம் உலகப் போர்க்காலத்தவர் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் மையத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே வெளியே வந்த தரைப்படையினரின் பதிவுகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. ஆனாலும் கேளுங்கள். சம்பளச் சீட்டுகள், மார்னிங் ரிப்போர்ட்டுகள் போன்ற பக்கப் பதிவுகளிலிருந்து பணிக்காலத்தைத் திரும்பக் கட்டித் தருகிறார்கள்.

யார் கேட்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். அவர் உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்து. இறந்திருந்தால், மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். மருமகள் இந்தப் பட்டியலில் இல்லை. எல்லா வேலையும் நான் செய்தாலும் கையெழுத்து மாமாவுடையது. அவருக்குப் பிறகென்றால் என் கணவருடையது. பணியை விட்டு 62 ஆண்டு கடந்த கோப்புகள் பொது ஆவணமாகிவிடும். அப்போது யாரும் கேட்கலாம், ஆனால் நகலுக்குக் கட்டணம் உண்டு.

பதிவு திருந்திய பிறகு பதக்கங்களை அரசே இலவசமாக அனுப்புகிறது. தென் வியட்நாம் அரசின் கேம்பெய்ன் மெடல் மட்டும் அந்தப் பெட்டியில் வராது. வெளிநாட்டு அரசின் பதக்கம் என்பதால் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை நான் வாங்கிக் கொடுத்தேன். டிடி-215-இன் நகல்களைக் கவுண்டி அலுவலகத்திலும் வெட்டரன்ஸ் மருத்துவமனையிலும் கொடுத்துவிட்டோம். மூலத் தாளும் தந்தியும் இப்போது ஒரே உறையில், என் கணவரின் அலமாரியில் இருக்கின்றன.