பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறு: பேசித் தீர்ப்பதா, சர்வேயரா, கோர்ட்டா?

கிழக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் பழைய முள்வேலியைப் பிடுங்கிவிட்டுக் காம்பவுண்டு சுவருக்கு வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்ட ஆரம்பித்த அன்றுதான் நான் முதன்முதலாக எங்கள் மனையை அளந்து பார்த்தேன். பத்திரத்தில் கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி என்று இருக்கிறது. தெருப்பக்கம் 40 சரியாக இருந்தது. கொல்லைப்பக்கம் 38 அடி 9 அங்குலம்தான் வந்தது. மூன்று முறை அளந்தும் அதே கணக்கு. அவரிடம் கேட்டேன். "உங்க அப்பாவும் எங்க அப்பாவும் பேசிப் போட்ட வேலி தம்பி இது. அந்தக் கோட்டுலதான் தோண்டுறேன். ஒரு இஞ்ச் தள்ளலை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 15 அங்குலத்தைக் காணோம்.

அதற்கு அடுத்த நான்கு மாதத்தில் எல்லா வழிகளையும் யோசித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடித்தேன். தமிழ்நாட்டில் இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அரசு சர்வேயர் பக்கம்.

போலீஸ் ஸ்டேஷனை ஒரு வரியில் முடித்துவிடலாம். எல்லை எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடிதடி, மிரட்டல் என்று வந்தால் போய்த்தான் ஆகவேண்டும். மற்றபடி "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவது வேறு. அது கோபத்தைத் தணிக்கும். ஆனால் கோடு எங்கே போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

மீதி இருப்பவை நான்கு: இருவருமே பேசி முடிப்பது, தனியார் சர்வேயரை வைத்து அளப்பது, வருவாய்த்துறையில் மனுப் போட்டு அரசு சர்வேயரை வரவழைப்பது, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுவது. காலமும் மனக்கசப்பும் இதே வரிசையில் ஏறிக்கொண்டே போகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் முடிவெடுக்கக் காரணமாக இருந்தது வேறு ஒன்று. நானும் அவரும் இல்லாத காலத்தில் இந்த முடிவு நிற்குமா? அவர் வீட்டை விற்றுவிட்டால், வாங்கிய ஆள் இதை மதிக்க வேண்டிய கட்டாயம் இருக்குமா? எங்கள் தகராறே அப்படித்தான் வந்தது. இரண்டு அப்பாக்கள் வாய்வார்த்தையாகப் பேசி வேலி போட்டார்கள். நல்ல மனிதர்கள், நல்ல பேச்சு. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர்கள் போன பிறகு அந்த ஒப்பந்தத்தைப் பற்றி மகன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு நினைவு இருக்கிறது.

இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் வெறும் பேச்சு முதலிலேயே விழுந்துவிடுகிறது. மனை வாங்க வருபவர் முதலில் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பார். அப்புறம் டேப் பிடிப்பார். பத்திரத்தில் 40, தரையில் 38¾ என்றால் விலை பேசும்போது அது வந்து நிற்கும். "பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டோம்" என்பது அங்கே செல்லாது. எழுதிக் கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொஞ்சம் நிலத்தை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தால், அது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டிய விஷயம். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு நிலம் கைமாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அதை விடவும் பெரிய குறை, அளக்காமல் பேசினால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்றே இருவருக்கும் தெரியாது.

தனியார் சர்வேயர் வேகமாக வருவார். டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவியோடு வருபவர்கள் மில்லிமீட்டர் வரை சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு மனையைச் சரிபார்க்க, அல்லது மனுப் போடலாமா வேண்டாமா என்று நாமே தெரிந்துகொள்ள, இது நல்ல வழி. தகராறு வந்த பிறகு அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. நான் காசு கொடுத்து அழைத்துவந்த ஆள் சொன்னதை அவர் ஏன் ஏற்கவேண்டும்? அவரும் ஒருவரை அழைத்துவருவார். அப்புறம் இரண்டு படங்கள், இரண்டு கோடுகள்.

இனி நான் போன வழி. நம் ஊர்களில் இதை 'எஃப் லைன் மனு' அல்லது 'அத்து காட்டச் சொல்லி மனு' என்பார்கள். அத்து என்றால் எல்லை. தாலுகா அலுவலகத்தில் கொடுக்கலாம், இப்போது இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்டியபின் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அளக்கும் தேதியைக் குறிப்பிட்டு நோட்டீஸ் போகும். இதற்கெல்லாம் அடிப்படை 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். அளப்பது எஃப்எம்பி என்கிற புலப்படத்தை வைத்து. அந்தப் படத்தை அரசின் இ-சேவைகள் தளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். மனுப் போடுவதற்கு முன்னால் அதைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் மனை தனி உட்பிரிவு எண்ணோடு அதில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்பது முக்கியம். கூட்டுப்பட்டாவில் இருந்தால், உங்களுக்கும் அடுத்தவருக்கும் நடுவில் படத்தில் கோடே இருக்காது. இல்லாத கோட்டை சர்வேயர் தரையில் காட்ட முடியாது. அப்போது முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க வேண்டும்.

எனக்கு முதல் தடவை வேலை நடக்கவில்லை. கிழக்கு வீட்டு அண்ணன் வெளியூரில் இருந்தார், நோட்டீஸ் அவர் கையில் கிடைக்கவில்லை. அவர் இல்லாமலே அளந்துவிடலாமே என்று தோன்றியது. நல்லவேளை, சர்வேயரே மறுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அவரும் இருக்கும் நாளில் வந்தார். அந்த மூன்று வாரம் எரிச்சலாக இருந்தது உண்மை. இப்போது யோசித்தால், அன்று அவர் பக்கத்தில் நின்றதுதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது.

சர்வேயர் நேராக எங்கள் வேலிக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் நாலு மனை தள்ளி, தெருக்கோடியில் மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு பழைய சர்வே கல்லைத் தேடிப் போனார். புல்லைக் கடப்பாறையால் கிளறி, மண்ணைத் தட்டி, கல்லின் தலை தெரிந்த பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இந்தக் கல்லு ரெண்டு பேருக்கும் சம்மதமா? இதுலேர்ந்துதான் பிடிப்பேன்." இருவரும் சரி என்றோம். இன்னொரு மூலைக் கல்லையும் அதே மாதிரி காட்டிச் சம்மதம் கேட்டார். அந்த இரண்டு கல்லுக்கும் உள்ள தூரம் படத்தில் இருக்கிற தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் எங்கள் மனைப்பக்கமே வந்தார். அளப்பதற்கு முன்பே, எங்கிருந்து அளப்பது என்பதில் நாங்கள் உடன்பட்டுவிட்டோம். அதற்கப்புறம் டேப் என்ன சொன்னாலும் சண்டை போட இடமே இல்லாமல் போய்விட்டது.

டேப் சொன்னது இருவருமே எதிர்பாராதது. கொல்லை மூலையில் கிழக்கு எல்லை, வானம் தோண்டிய கோட்டிலிருந்து ஏறத்தாழ 9 அங்குலம் அவர் பக்கம் தள்ளி இருந்தது. மீதி 6 அங்குலம் அங்கே இல்லை. எனக்கு மேற்கே இருப்பவரின் பழைய மதில் கொல்லைப்பக்கம் அவ்வளவு எங்கள் மனைக்குள் வந்திருந்தது. நான் வீட்டில் அளந்தபோது அந்த மேற்கு மதிலில் டேப்பை வைத்துக் கிழக்கே இழுத்திருந்தேன். மதில் சரியான இடத்தில் இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கோடு கோர்ட்டுக்குப் போயிருந்தால், கிழக்கு வீட்டு அண்ணனிடம் அவர் எடுக்காத 6 அங்குலத்தையும் கேட்டு வழக்காடியிருப்பேன். இதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். சர்வேயர் கோட்டைக் காட்டுவார், அவ்வளவுதான். தனியார் பட்டா நிலத்தில் கட்டிய சுவரை இடிக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் அவர் பதில் சொல்ல முடியாது. பட்டாவே உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இரண்டு அங்குலம், மூன்று அங்குலத் தகராறுக்கும் இது தோதுப்படாது. எங்கள் புலப்படத்தில் அளவு மீட்டரில், ஒரு தசம இடம் வரைதான் இருக்கிறது. நாற்பது அடி என்பது அதில் 12.2. ஒரு தசமம் என்றால் 10 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 4 அங்குலம். படத்திலேயே இல்லாத நுணுக்கத்தைத் தரையில் எதிர்பார்க்கக் கூடாது.

கோர்ட்டைப் பற்றி நான் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும். நான் வழக்கு நடத்தியதில்லை. என் சித்தப்பா ஒரு வரப்புத் தகராறில் வாய்தா வாய்தாவாக அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் என் அனுபவம். நான் கேட்ட கேள்வியில் கோர்ட்தான் ஜெயிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்பாணை வீட்டை வாங்கியவரையும் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். அந்த வலு சர்வேயர் கொடுக்கும் வரைபடத்துக்குத் தனியாகக் கிடையாது. ஆனால் எல்லை வழக்கில் நடப்பது என்ன? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26ஆவது கட்டளை 9ஆவது விதிப்படி நீதிமன்றம் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமிக்கும். அவர் சர்வேயரை அழைத்துக்கொண்டு இடத்துக்கு வந்து, அளந்து, படத்தோடு அறிக்கை கொடுப்பார். கடைசியில் அதே புலப்படம், அதே கல், அதே டேப். சித்தப்பா வழக்கிலும் அளவுதான் முடிவு சொன்னது. அந்த நாள் வருவதற்குள் இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது.

நேராகக் கோர்ட்டுக்கே போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. நாளைக்கே கான்கிரீட் போடப்போகிறார், நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை என்றால், இடைக்காலத் தடை வாங்குவதைத் தவிர வழியில்லை. இரண்டு பேர் பத்திரமும் ஒரே இடத்தைச் சொன்னால் அதைக் கோர்ட்தான் தீர்க்கமுடியும். பத்திரத்தில் உள்ள பரப்பளவும் நான்கு எல்லைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பொதுவாக எல்லைகளுக்கே முன்னுரிமை என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அந்த வாதமும் அங்கே வைக்க வேண்டியதுதான். எதிராளி முந்திக்கொண்டு தடை வாங்கிவிடுவாரோ என்று பயமாக இருந்தால் 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று முன்கூட்டியே கோர்ட்டில் கேவியட் மனுப் போட்டுவைக்கலாம். 90 நாள் செல்லும்.

கோர்ட்டின் வலுவும் வேண்டும், வழக்கின் நீளமும் வேண்டாம் என்றால் நடுவில் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குப் போடாமலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஏற்கெனவே வழக்கு நிலுவையில் இருந்து அங்கே சமாதானம் ஆனால், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அளந்து முடிந்து, எதிராளி வாயளவில் ஒத்துக்கொண்டும் கையெழுத்துப் போடத் தயங்கினால் நான் அங்கேதான் போயிருப்பேன்.

எனக்கு அது தேவைப்படவில்லை. அளந்த அன்று சாயங்காலம் அண்ணனே வந்தார். "வானத்தை மூடிட்டுத் தள்ளித் தோண்டிக்கிறேன் தம்பி. ஆனா நாளைக்கு உங்க பிள்ளைங்க வந்து இன்னும் தள்ளுன்னு சொல்லக்கூடாது" என்றார். அவருக்கும் அதே கவலைதான் இருந்திருக்கிறது. ஒரு பத்திர எழுத்தரிடம் போய், சர்வேயர் கொடுத்த வரைபடத்தை இணைத்து, இரண்டு உட்பிரிவு எண்களையும் போட்டு, அளந்த அன்று எல்லையில் நட்ட கற்களை இணைக்கும் நேர்கோடுதான் எல்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டதாக எழுதிப் பதிவு செய்தோம். யாரும் யாருக்கும் நிலம் கொடுக்கவில்லை, இருக்கிற எல்லையை ஏற்றுக்கொண்டோம் என்பதால் எழுதுவதும் சுலபமாக இருந்தது. பதிவானதால் இப்போது இருவர் வில்லங்கச் சான்றிலும் அது தெரிகிறது. நாளைக்கு வாங்க வருபவர் கண்ணில் அதுவாகவே படும்.

அளந்தது மட்டும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். சர்வேயர் போன மறுநாளே அந்தத் தாளைப் பத்திரமாக மாற்றும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். இருவர் மனதிலும் அந்த நாள் ஈரமாக இருக்கும்போது கையெழுத்து தானாக வரும். கல் நட்ட இடத்தை வீட்டு மூலையோடு சேர்த்துப் போட்டோ எடுத்துவைப்பதும் நல்லது. பக்கத்தில் ஒரு அடையாளமும் இல்லாமல் கல்லை மட்டும் எடுத்த என் முதல் போட்டோ எதற்கும் உதவவில்லை.

மேற்கு மதில் அப்படியே இருக்கிறது. அது எழுந்து 12 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி அவர் எதிரிடை அனுபோகம், அதாவது இத்தனை வருடம் வெளிப்படையாக என் கையில் இருந்ததால் இடம் எனக்கே சொந்தம், என்று வாதம் வைக்க இடமிருக்கிறது. அதை நிரூபிப்பது அவ்வளவு எளிதில்லை என்று வக்கீல் சொன்னார். 6 அங்குலத்துக்காக நின்றுகொண்டிருக்கிற மதிலை இடிக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அது எங்கே நிற்கிறது என்பது காகிதத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பையன் லீவுக்கு வரட்டும், அவனையும் வச்சுக்கிட்டு ஒரு தடவை அளந்துடுவோம்" என்றார்.