‘கம்ப்ரெசர் போச்சு’ என்றால் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) இருப்பவர்கள், ஏர்கோன் ரிப்பேரில் ஏமாறாமல் இருக்க இதைப் படித்துவிட்டு, வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

தோட்ட வேலையில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வீட்டில் நடந்தது இது. 1 எச்பி ஏர்கோன், ஆர்22 கேஸ் (குளிரூட்டும் பழைய வகைக் கேஸ்), இன்வெர்ட்டர் (கம்ப்ரெசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாதது. காற்று வருகிறது, குளிர் இல்லை. ரிப்பேர் செய்ய வந்தவர் பிஎஸ்ஐக்கு (கேஸ் அழுத்தத்தின் அளவு) இவ்வளவு வெள்ளி என்று கணக்குப் போட்டு முதலில் கேஸ் அடித்தார். அப்போதும் குளிரவில்லை. “கம்ப்ரெசர் போச்சு ஆன்ட்டி, செய்றது வேஸ்ட், புதுசு போட்டுருங்க” என்றார். புதுசையும் அவரே மாட்டிக் காசு வாங்கிப் போனார். ரிசிட் கிடையாது.

கழற்றிய அவுட்டோர் பெட்டி பின்கட்டிலேயே கிடந்தது. பிறகு வேறொருவர் திறந்து பார்த்தார். கம்ப்ரெசரை (கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார் பம்ப்) ஓடவைக்கும் கப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. மேலே 30 மைக்ரோஃபேரட் (மின்சாரம் தேக்கும் அளவு) என்று எழுதியிருக்க, மீட்டர் காட்டியது 9. கம்ப்ரெசர் வைண்டிங்கில் (மோட்டாரின் கம்பிச் சுருளில்) ஒரு குறையும் இல்லை. சில பத்து வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

கப்பாசிட்டர் செத்தால் கம்ப்ரெசர் உறுமும், சுற்றாது. சூடேறியதும் உள்ளே இருக்கும் ஓவர்லோடு (பாதுகாப்பு சுவிட்ச்) திறந்து கரண்டைத் துண்டித்துவிடும். அந்த நேரத்தில் அளந்தால் வைண்டிங் அறுந்தது போலத்தான் காட்டும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆறவிட்டு அளக்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத இந்த வகைக் கம்ப்ரெசரின் மூன்று முனைகளை இரண்டிரண்டாக அளந்தால், பெரிய ரீடிங் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வரும். எந்த முனைக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இதைக் கண்முன் செய்து காட்டாதவர் பேச்சை நம்பிப் புதுசு வாங்காதீர்கள். ஆனால் நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். கரண்டை அடைத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

கேஸ் விஷயம் இன்னும் மோசம். அது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. வருஷா வருஷம் ‘டாப் அப்’ என்பவரிடம், கசிவு எங்கே என்று கேளுங்கள். ஃபில்டரும் இன்டோர் காயிலும் அழுக்கேறி அடைத்திருந்தாலும் பிரஷர் குறைவாகத்தான் காட்டும். அதனால் முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் கேஜ் (பிரஷர் மீட்டர்) மாட்ட வேண்டும். ஓடும்போது ஆர்22 சுமார் 60–70 பிஎஸ்ஐ இருக்கும். புது வகைக் கேஸான ஆர்410ஏ, ஆர்32 என்றால் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. கம்ப்ரெசர் ஓடாதபோது, நம்ம ஊர் வெயிலில் ஆர்22 கூட 150ஐத் தாண்டும். அந்த வீட்டில் கம்ப்ரெசர் ஓடவே இல்லை. அப்படியிருக்க எதைப் பார்த்துக் கேஸ் அடித்தார்?

மாற்றவே கூடாது என்றில்லை. பழைய ஆர்22 ஏர்கோனில் இன்டோர் காயில் ஓட்டையாகிவிட்டால் செலவு செய்யாதீர்கள். வைண்டிங் பாடியில் தொட்டுவிட்டாலும் அப்படித்தான். ஆனால் வாரண்டி அட்டையை முதலில் பாருங்கள், கம்ப்ரெசருக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வருஷம் கொடுத்திருப்பார்கள். கப்பாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார் என்றால் ரிப்பேர்தான் சரி.

புதுசு மாட்டும்போது பழைய ஆர்22 பைப்பை அப்படியே விடச் சம்மதிக்காதீர்கள்; உள்ளே ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய் புதுக் கேஸின் எண்ணெயோடு சேராது. வேக்குவம் பம்ப் (பைப்பிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் பம்ப்) போடாமல் கேஸைத் திறந்து காற்றை ஊதித் தள்ளுவதும் தப்பு. ஈரம் உள்ளே தங்கிவிடும்.

ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம், 3 வருஷத்துக்குள் போட வேண்டும். ரிசிட், வாட்சப் பேச்சு, கழற்றிய பாகம் எல்லாம் சாட்சி. அதனால் பழைய அவுட்டோரை ‘ஃப்ரீயா எடுத்துட்டுப் போறேன்’ என்றால் கொடுத்துவிடாதீர்கள்.