திரைச்சீலைக்கு எந்தப் பழைய சேலை: சுங்குடியா, ஜார்ஜெட்டா?

ஒரு சேலை ஏறத்தாழ 5.5 மீட்டர். ஏழடி நிலைப்படிக்கு மடிப்புத் தையலோடு 2.3 மீட்டர் வேண்டும். அப்படி இரண்டு துண்டு போக மீதியில் சமையலறையின் சின்ன ஜன்னலுக்கும் ஒன்று தேறிவிடும். கடையில் எதுவும் வாங்க வேண்டாம், நூலும் கம்பியும் போதும்.

சுங்குடிச் சேலை தைக்கச் சுலபம். கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுவிடலாம், துணி நழுவாது. ஃபால்ஸை மட்டும் முதலில் பிரித்துவிடுங்கள். நான் சோம்பல்பட்டு அப்படியே தைத்தேன். திரையின் ஒரு ஓரம் அட்டை மாதிரி விறைத்து நின்றது. முந்தானை கீழே வருமாறு வெட்டினால் பார்க்க அழகு. குறை என்றால் வெயில்தான். மேற்கு ஜன்னலில் போட்டால் சாயம் வெளுக்கும். ரொம்ப நைந்த சேலை கொக்கியிலேயே கிழியும்.

ஜார்ஜெட் வேறு மாதிரி. துவைத்துப் போட்டால் சீக்கிரம் காயும், இஸ்திரி தேவையே இல்லை. ஆனால் மெஷினில் வழுக்கிக்கொண்டே ஓடும். குண்டூசி குத்தி, பெருந்தையல் போட்டுத்தான் தைக்க வேண்டும். மெலிசு என்பதால் இரவில் விளக்கைப் போட்டால் உள்ளே இருப்பது தெருவுக்குத் தெரியும். காற்றில் நன்றாகப் பறக்கும், அதனாலேயே அடுப்புப் பக்கம் கூடவே கூடாது. பாலியெஸ்டர் ரகம் தீப்பட்டால் உருகி ஒட்டும்.

எங்கள் வீட்டில் படுக்கையறைக்குச் சுங்குடி. கூடத்துக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவே ஜார்ஜெட்.